கல்லுமலையில் கேட்ட சீட்டி

பறவையின் அலகு மூடியிருந்தது. அதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன்.

கல்லுமலையில், பனிமூட்டத்துக்கு நடுவே, ஒரு சில்வர் ஓக் மரத்தின் பட்டுப்போன கிளையில் அது உட்கார்ந்திருந்தது. துடுப்புவால் கரிச்சான். கன்னங்கரேல் என்ற உடம்பு, நெற்றியில் சின்னக் கொண்டை, வாலிலிருந்து தொங்கும் இரண்டு கம்பிகள், அவற்றின் நுனியில் துடுப்பு மாதிரி ஒரு இறகு. பனி வந்து வந்து மறைத்ததால் ஒரு படம்கூட ஒழுங்காக விழவில்லை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கேமரா வழியாக அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் சீட்டி கேட்டது.

தாழ்வாகத் தொடங்கி, மேலே ஏறி, உச்சியில் லேசாக உடைந்துபோகும் சீட்டி. எனக்கு நன்றாகத் தெரிந்த சீட்டி. இதை அடிப்பது இந்தப் பறவைதான் என்று படத்தோடு எழுதி, எஸ்டேட் முழுக்கச் சொன்னவளே நான்தான்.

ஆனால் பறவை என் கண்முன்னால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சத்தம் வந்த பக்கம் அதுவும் தலையைத் திருப்பிப் பார்த்தது.

எனக்குக் கொஞ்சம் கீழே பெண்கள் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் சீட்டி கேட்டது. யாரோ சிரித்தார்கள். ஒருவர்கூட இடத்தை விட்டு நகரவில்லை.

நகர்ந்திருக்க வேண்டும். அது ஏன் என்று சொல்வதற்கு முன்னால் வேறு சில விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொந்தக்காரரைத் தேடும் வியாதி

போன வாரம் இந்தப் பத்தியில் மரங்கொத்தியைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, ‘நர்ஸ் வேலை பார்க்கிறவருக்குப் பறவைப் பைத்தியம் எப்படிப் பிடித்தது?’ என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. பதில்தான் கொஞ்சம் ஒரு மாதிரி. குன்னூரில் எங்கள் அப்பாவை அடக்கம் செய்த அன்று பிடித்தது.

கல்லறைத் தோட்டத்தில் பாதிரியார் ஜெபம் சொல்லிக்கொண்டிருக்கிறார். எல்லோரும் தலை குனிந்து நிற்கிறோம். பக்கத்து ஓடையிலிருந்து யாரோ சாவகாசமாகச் சீட்டி அடிக்கிறார். ஒரு பாட்டைத் தொடங்குவது, பாதியில் மறந்துபோவது, வேறு எங்கோ போய்ச் சேர்வது. ஜெபமும் நிற்கவில்லை, சீட்டியும் நிற்கவில்லை. பக்கத்தில் நின்ற அத்தை என் கையைக் கிள்ளி, “எந்தக் கழுதைடி அது?” என்று கேட்டாள்.

சாயங்காலம் வீட்டில் காபி கொடுத்துக்கொண்டிருந்தபோது அதே அத்தை, “அண்ணன் ஷேவ் பண்றப்ப சீட்டி அடிக்கும், ஞாபகம் இருக்கா?” என்று தொடங்கினாள். விளக்கு ஏற்றுவதற்குள் கழுதை அப்பாவாகிவிட்டது. சொந்தக்காரர்கள் எல்லோரும் அழுதார்கள். எனக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் அப்பா கோவில் பாடகர் குழுவில் முதல் வரிசை. எந்தப் பாட்டையும் பாதியில் மறக்கிறவர் இல்லை.

அடுத்த வாரமே ஒரு கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு அந்த ஓடைக்குப் போனேன். நீர் சிதறும் கல்லின் மேல் அது நின்றிருந்தது. சீகாரப் பூங்குருவி. கறுப்பா நீலமா என்று சொல்ல முடியாத நிறம். படத்தைக் கொண்டுபோய் அத்தையிடம் காட்டினேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

“அண்ணனுக்கும் நெத்தி இப்படித்தாண்டி பளபளன்னு இருக்கும்” என்றாள்.

நான் தோற்றுப்போனேன். ஆனால் வியாதி பிடித்துக்கொண்டது. எங்கே ஒரு சத்தம் கேட்டாலும் அதன் சொந்தக்காரரைக் கண்டுபிடித்து, படம் எடுத்து, நாலு பேருக்குக் காட்டினால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

எடைக் கொட்டகைச் சுவர்

நான் வேலை பார்ப்பது நெல்லியாளம் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டின் டிஸ்பென்சரியில். டாக்டர் வாரத்துக்கு ஒருமுறை வந்து எட்டிப் பார்ப்பார். மற்ற நாட்களில் காய்ச்சல், அட்டைக்கடி, பிரஷர், புருஷன் பெண்டாட்டி சண்டை எல்லாவற்றுக்கும் நான்தான். எல்லோருக்கும் நான் நர்ஸம்மா.

கூடலூரில் ஒரு கல்யாண ஸ்டூடியோக்காரர் புதுக் கேமரா வாங்கியபோது பழையதை என் தலையில் கட்டினார். அதிலிருந்து காலையில் டியூட்டிக்கு முன்னால் தேயிலைக்குள் சுற்றுவது பழக்கமாகிவிட்டது. எடுத்த படத்தைப் பந்தலூர் ஜெராக்ஸ் கடையில் கலரில் பிரிண்ட் போட்டு, கீழே நாலு வரி எழுதி, எடைக் கொட்டகைச் சுவரில் ஒட்டுவேன். வாரம் ஒரு பறவை.

எடைக் கொட்டகையில் ஒட்டியதற்குக் காரணம் உண்டு. கொழுந்தை எடை போட வரிசையில் நிற்கும்போதுதான் பெண்களுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். படிக்கத் தெரிந்தவள் சத்தமாகப் படிப்பாள், மற்றவர்கள் வம்பளப்பார்கள். நாள் முழுக்க ‘குட்ரூ குட்ரூ’ என்று ஓயாமல் கத்தும் குக்குறுவானைப் பற்றி எழுதிய வாரம், கங்காணி ஆரோக்கியத்துக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அவர் மேட்டுப்பாளையத்துக்காரர், கோபித்துக்கொள்ளவில்லை. “ஏனுங்க நர்ஸம்மா, என்னையுமா படம் புடிச்சு ஒட்டிட்டீங்க?” என்று கேட்டதோடு சரி.

இங்கே பெரும்பாலும் இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள். தேயிலை நிற்கும் ஒவ்வொரு பகுதியையும் அவர்கள் ‘மலை’ என்றுதான் சொல்வார்கள். கல்லுமலை என்பதும் அப்படி ஒரு பகுதிதான். உச்சியில் வீடு போல ஒரு பாறை, அதற்குக் கீழே சதுப்பு, அதற்கும் கீழே தேயிலை.

அந்தக் குடும்பங்களோடு ‘உலமா’வும் கப்பலேறி வந்திருக்கிறது. உலமா என்பது ஒரு பறவை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் மாதிரி அலறும், கேட்ட வீட்டில் சாவு விழும் என்பார்கள். அது அநேகமாக ஒரு பெரிய ஆந்தையாகத்தான் இருக்கும் என்று நான் ஒரு தாளில் எழுதினேன். படித்துவிட்டு ஒருத்தி, “நர்ஸம்மா எல்லாத்துக்கும் ஒரு பறவை வச்சிருக்காங்க” என்றாள். கொட்டகையே சிரித்தது. அப்படிச் சொன்னவள் தனபாக்கியம்.

சன்னாசியின் இரண்டு விரல்

தனபாக்கியத்தின் புருஷன் சன்னாசி. யானை வாச்சர். எங்கள் பக்கம் யானை வராத எஸ்டேட் கிடையாது. பலாப்பழம் பழுக்கிற மழைக்காலத்தில் அவை சதுப்பு வழியாக ஏறி வரும். பனிமூட்டத்தில் பத்தடி தள்ளி நின்றாலும் தெரியாது. அவ்வளவு பெரிய உடம்பு நடப்பது காதில் விழாது என்பதுதான் பயங்கரம்.

சன்னாசி விடியும் முன்னாலேயே பாறை மேல் ஏறி நின்றுகொள்வார். வாசனை பிடிப்பாரா, காதால் கேட்பாரா, எனக்குத் தெரியாது. யானை வருகிறது என்று தெரிந்ததும் இரண்டு விரலை வாயில் வைத்து ஒரே ஒரு சீட்டி. முன்பல் ஒன்று உடைந்திருந்ததால் சீட்டியும் உச்சியில் உடையும். அது கேட்டால் எடுத்த கொழுந்தை, கூடையை, எல்லாவற்றையும் போட்டுவிட்டு இறங்கிவிட வேண்டும். யார், என்ன, எங்கே என்று கேட்கக் கூடாது. யானை என்ற பெயரையே மலையில் சொல்லக் கூடாது. பெரியவரு என்றுதான் சொல்ல வேண்டும்.

அவருக்கு ஓயாத இருமல். டிஸ்பென்சரிக்கு மருந்து வாங்க வரும்போது பேசிக்கொண்டிருப்பார்.

“பெரியவரு நம்மள கொல்லணும்னு வாறதில்ல நர்ஸம்மா. இதுக வாய் ஓயாம பேசுறதுல அவரு வாறது கேக்குறதில்ல. அவ்வளவுதான்.”

“அப்ப நீங்க பீடியை விடுங்க. உங்க இருமல்ல உங்களுக்கே கேக்காமப் போயிடும்.”

“நான் மேல நிக்கிறப்ப இருமுறதில்ல” என்பார். அது உண்மைதான் என்று தனபாக்கியமும் சொன்னாள்.

ஒரு மத்தியானம் நெஞ்சு வலி என்று நடந்தே டிஸ்பென்சரிக்கு வந்தார். எனக்குப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. ஜீப்பில் ஏற்றினோம். தலை தனபாக்கியத்தின் மடியில், மணிக்கட்டு என் விரலில். கூடலூர் போய்ச் சேர்வதற்கு முன்பே நாடி நின்றுவிட்டது. அதைத் தொட்டுப் பார்த்தவள் நான். அதனால் சன்னாசி இன்னும் சீட்டி அடிக்கிறார் என்று யார் சொன்னாலும், ஏற்றுக்கொள்ளும் நிலையில் நான் இல்லை.

சீட்டி திரும்பி வந்தது

சொன்னார்கள். அடுத்த மழைக்காலத்தில் சொன்னார்கள்.

கல்லுமலையில் பனி இறங்கியிருந்த ஒரு காலையில் அந்தச் சீட்டி கேட்டது. பெண்கள் அலறியடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். யானை எதுவும் வரவில்லை. இரண்டு நாள் கழித்து மறுபடியும். அதே தாழ்வு, அதே ஏற்றம், அதே உடைசல். சன்னாசிக்குப் பதிலாக வந்த வாச்சர் வர்கீஸ் தேவாலாக்காரர். அவருக்கு எஸ்டேட்டில் கொடுத்தது இரும்பு விசில். அதன் சத்தமே வேறு.

தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் பேச்சு கிளம்பிவிட்டது. சில பெண்கள் கல்லுமலைக்குப் போகவே மாட்டோம் என்றார்கள். போனவர்களும் ஒருவரை ஒருவர் ஒட்டிக்கொண்டு நின்று எடுத்தார்கள். கொழுந்து முற்றிப்போய் நின்றது. ஆரோக்கியம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

பயப்படாதவள் தனபாக்கியம் ஒருத்திதான். சீட்டி கேட்டதும் கூடையை இறக்கி வைப்பாள், சேலையைச் சரிசெய்துகொள்வாள், டீ குடிக்கக் கூப்பிட்ட மாதிரி நிதானமாக இறங்கி நடப்பாள்.

“பயமா இல்லையா?” என்று கேட்டேன்.

“இறங்குன்னு சொல்றாரு. இறங்குறேன். இதுல என்ன பயம்?”

எனக்கு வியாதி தலைக்கேறியது. கேமராவோடு தினமும் காலையில் கல்லுமலைக்குப் போய் உட்கார்ந்தேன். அட்டைக்கடி வாங்கியதுதான் மிச்சம் என்று நினைத்த ஒரு நாளில், தலைக்கு மேலே சில்வர் ஓக்கில் அந்தக் கரிச்சான் கச்சேரியைத் தொடங்கியது. முதலில் குக்குறுவான் மாதிரி. பிறகு பூனை மாதிரி. பிறகு கொழுந்து லாரி ரிவர்ஸில் வரும்போது போடும் சத்தம். பிறகு, அலகைத் திறந்து, சன்னாசி.

வீடியோ எடுத்தேன். செத்த மனிதரின் உடைந்த பல் அந்தத் தொண்டைக்குள் அப்படியே இருந்தது. நான் அழுதேன். கண்டுபிடித்த சந்தோஷமா, வேறு ஏதாவதா என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

துடுப்புவால் கரிச்சான் மற்றவர் குரலை எடுத்துக்கொள்வதில் கெட்டிக்காரப் பறவை. வருடக்கணக்காக அந்தப் பாறையிலிருந்து கேட்ட சீட்டியை அது கற்றுக்கொண்டதில் ஆச்சரியமே இல்லை.

தாளை ஒட்டுவதற்கு முன்னால் வீடியோவைத் தனபாக்கியத்திடம் காட்டினேன். அது மரியாதை. அவள் லயத்து வாசலில் நின்றபடியே பார்த்தாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள். போட்டேன்.

“எல்லாத்துக்கும் ஒரு பறவை வச்சிருக்கீங்க நர்ஸம்மா” என்றாள். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

“ஒட்டட்டுமா, வேண்டாமா?”

“ஒட்டுங்க. எல்லாருக்கும் தெரியட்டும்.”

ஒட்டினேன். ‘சன்னாசி அண்ணனிடம் சீட்டி படித்த மாணவன்’ என்று தலைப்பு. நான் எழுதியதிலேயே நல்ல தாள் அதுதான் என்று எனக்கு ஒரு கர்வம்கூட இருந்தது. வாச்சரின் விசிலைத்தான் நம்ப வேண்டும் என்றும் கடைசி வரியில் எழுதியிருந்தேன்.

பயம் போயே போய்விட்டது. சீட்டி கேட்டால் பெண்கள், “என்ன மாமோய், காலையிலேயே கூப்புடுற?” என்று பதிலுக்குக் கத்தினார்கள். ஆரோக்கியம் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கும்பிட்டார். “உங்க புண்ணியத்துல கல்லுமலைக் கொழுந்து ஒழுங்கா வருதுங்க நர்ஸம்மா.”

தனபாக்கியமும் இறங்குவதை நிறுத்திவிட்டாள். சீட்டி கேட்கும்போது கை மட்டும் ஒரு கணம் நிற்கும். பிறகு மறுபடி கொழுந்து எடுப்பாள்.

என் குருவி இங்கே இருக்கிறது

இப்போது நான் நிறுத்திய இடத்துக்கு வருகிறேன். பனிமூட்டம். சில்வர் ஓக். அலகை மூடிய பறவை. மேலே பாறைப் பக்கமிருந்து சீட்டி.

முதலில் என் மூளை ஓடிய ஓட்டத்தைச் சொல்கிறேன். இன்னொரு கரிச்சான் இருக்கலாம். ஜோடியாகத்தான் இருக்கும். அதுவும் கற்றுக்கொண்டிருக்கலாம். இவ்வளவும் நொடியில் தோன்றியது. தோன்றிய அதே நேரத்தில் வேறொன்றையும் கவனித்தேன். மலையில் வேறு எந்தச் சத்தமும் இல்லை. குக்குறுவான் நின்றுவிட்டது. தவளைகள் நின்றுவிட்டன. என் பறவை கிளையிலிருந்து விருட்டென்று கிளம்பிக் கீழ்ப்பக்கமாகப் பறந்து போனது.

மறுபடியும் அதே சீட்டி. சன்னாசி ஒருபோதும் இரண்டு தடவை அடித்தது கிடையாது, அடிக்க வேண்டி வந்ததும் இல்லை.

“இறங்குங்க” என்று கத்தினேன்.

கீழே சிரிப்பு. “உங்க குருவிதானே நர்ஸம்மா?” என்று ஒருத்தி கேட்டாள். பனிக்குள் அவள் முகம் தெரியவில்லை, முக்காடு மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

“என் குருவி இங்க இருந்துச்சு. அது வாயே திறக்கல. இறங்குங்க.”

சிரிப்பு நின்றது. எல்லோரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். யானைக்குப் பயந்து நின்றார்களா, நான் சொன்னதைக் கேட்டுப் பயந்து நின்றார்களா தெரியாது. அந்த நிற்றல்தான் ஆபத்து என்று எனக்குத் தெரிந்தது.

தனபாக்கியம் கூடையை இறக்கி வைத்த சத்தம் கேட்டது. சேலையைச் சரிசெய்துகொண்டிருப்பாள். பிறகு அவள் குரல்.

“இறங்குங்கடி. கேட்டதுல்ல? இறங்குங்க.”

அவ்வளவுதான். தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் ஒருவர் பின்னால் ஒருவராக இறங்கினோம். யாரும் பேசவில்லை. எனக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்றுகூடத் தெரியவில்லை. பாதி வழியில் ஈரச் சாக்கும் புளித்த பழமும் கலந்த மாதிரி ஒரு வாசனை வந்தது. தேயிலைச் செடியின் குச்சிகள் எதன் மீதோ உரசும் சத்தம், துணியைக் கிழிப்பது போல, நீளமாக. அது நாங்கள் நின்றிருந்த இடத்திலிருந்து வந்தது.

தார் ரோட்டுக்கு வந்து தலைகளை எண்ணினோம். எல்லோரும் இருந்தோம். ஒரு புதுப் பெண் ரோட்டிலேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். அவள் அப்போது முழுகாமல் இருந்தாள். நான் அவள் தலையைப் பிடித்துக்கொண்டேன்.

வர்கீஸுக்குப் போன் போட்டேன். விசில் அடிக்கவில்லையே என்று ஆரோக்கியம் பக்கத்தில் நின்று குதித்துக்கொண்டிருந்தார்.

“சேச்சி, ஞான் அங்க வந்தே இல்ல” என்றார் வர்கீஸ். “ராத்திரி ஆனை கீழ் டிவிஷன்ல நின்னுது. நான் இங்கதான் நிக்கறேன். அங்க வேற கூட்டமா?”

பனி விலகியதும் ஆண்களோடு மேலே போய்ப் பார்த்தோம். சதுப்பிலிருந்து ஏறிய தடம் பெண்கள் நின்ற வரிசை வழியாகவே போயிருந்தது. குட்டியின் தடமும் இருந்தது. கூடைகள் நசுங்கிக் கிடந்தன. நான் நின்ற சில்வர் ஓக்கில், என் கை எட்டாத உயரத்தில், ஈரச் சேறு அப்பியிருந்தது. முதுகைத் தேய்த்துக்கொண்டு போயிருக்கிறது.

பாறைக்கும் ஏறிப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை. மழையில் கழுவிய கல், அவ்வளவுதான்.

என்ன எழுதுவது

அந்த வாரம் எடைக் கொட்டகையில் ஒட்டுவதற்கு என்னிடம் ஒரு வரிகூட இல்லை.

ஒரு விளக்கம் உண்டு. இப்போதும் நான் நம்புவது அதைத்தான். கரிச்சான் ஆபத்தைக் கண்டால் எச்சரிக்கை கொடுக்கும் பறவை. வருடக்கணக்காக அது யானையையும் சீட்டியையும் சேர்த்தே பார்த்திருக்கிறது. ஜோடிப் பறவை பாறை மேலிருந்து யானையைப் பார்த்திருக்கும், அப்படிப்பட்ட நேரத்தில் அந்த இடத்தில் என்ன சத்தம் வருமோ அந்தச் சத்தத்தைக் கொடுத்திருக்கும். அதாவது, சத்தத்தை மட்டுமல்ல, அதற்கான சமயத்தையும் கற்றுக்கொண்டிருக்கும். இதைத் தாளில் எழுதிப் பார்த்தேன். எழுதி முடித்துவிட்டு அதைப் படித்தபோது, பேய்க் கதையைவிட இதுதான் எனக்கு அதிகம் கிலியாக இருந்தது.

தனபாக்கியத்தைத் தேடிப் போனேன். விறகு வெட்டிக்கொண்டிருந்தாள்.

“என்ன எழுதப் போறீங்க?” என்று அவளே கேட்டாள்.

“வேற ஒரு குருவின்னு எழுதலாம்னு பாக்கறேன்.”

“குருவின்னு எழுதினா மறுபடி இறங்க மாட்டாளுக.”

“அப்ப சன்னாசி அண்ணன்னா எழுதச் சொல்றே?”

“அவருன்னு எழுதினா ஒருத்தியும் அந்த மலைக்கு வர மாட்டா. அப்பறம் பேர் விழாது, எல்லாரும் லயத்துல உக்காந்து என்ன பண்றது?” பேர் விழுவது என்றால் அந்த நாளின் வேலை கணக்கில் ஏறுவது. கத்தியை விறகில் கொத்தி நிறுத்தினாள். “யாருன்னே எழுதாதீங்க நர்ஸம்மா. கேட்டா இறங்குன்னு மட்டும் எழுதுங்க. அவரு வேலைய யாரோ பாக்குறாங்க. யாரா இருந்தா நமக்கென்ன?”

“நீ யாருன்னு நினைக்கறே?”

“நான் இறங்குறேன்” என்றாள். அதற்கு மேல் அவளிடமிருந்து வாங்க முடியவில்லை.

அந்த வாரத் தாளில் படம் இல்லை. ‘சீட்டி கேட்டால் இறங்கவும்’ என்று பெரிய எழுத்தில் ஒரே வரி. சொந்தக்காரரைச் சொல்லாமல் நான் ஒட்டிய ஒரே தாள் அது. ஆரோக்கியம் அதைப் படித்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், ஆனால் கிழிக்கவில்லை. அன்று ரோட்டில் தலை எண்ணியவர்களில் அவரும் ஒருவர்.

அதற்குப் பிறகு ஒரு புதுப் பழக்கம் வந்தது. பனியில் எல்லோரும் இறங்கிவிட்டார்களா என்று தெரிய வேண்டுமே. கடைசி ஆளாகத் தனபாக்கியம் இறங்குவாள். ரோட்டில் கால் வைத்ததும் உதட்டைக் குவித்து இரண்டு குட்டிச் சீட்டி அடிப்பாள். எல்லோரும் இறங்கியாயிற்று என்று அர்த்தம். அவளுக்குச் சீட்டி அடிக்கவே வராது. முக்கால்வாசி காற்றுதான். பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள். ஆனால் ரோட்டில் நின்றவர்களைப் பார்க்காமல் மலையைப் பார்த்துத்தான் அடிப்பாள்.

மழைக்காலத்தில் அதற்குப் பிறகும் யானைகள் வந்தன. சில தடவை வர்கீஸின் விசில் முந்தியது, சில தடவை சீட்டி. சீட்டி வெறுமனே கேட்ட நாட்களும் நிறைய உண்டு. எல்லா நாளும் இறங்கினார்கள்.

இப்போது தனபாக்கியம் இங்கே இல்லை. முழங்கால் தேய்ந்துபோய் மலையேற முடியவில்லை. மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறாள், அவளோடு போய்விட்டாள். பிரஷர் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா என்று கேட்க நான் அவ்வப்போது போன் போடுவேன்.

சமீபத்தில் ஒரு காலை. கல்லுமலையில் நல்ல பனி. சீட்டி கேட்டது. கங்காணி முதல் எல்லோரும் கூடையைப் போட்டுவிட்டு இறங்கினோம். ரோட்டுக்கு வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, மேலே பாறைப் பக்கமிருந்து இன்னொரு சத்தம் வந்தது. இரண்டு குட்டிச் சீட்டி. முக்கால்வாசி காற்று.

யாரும் சிரிக்கவில்லை. ஆரோக்கியம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். என் தோளில் கேமரா தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தொட வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் திருப்பூருக்குப் போன் போட்டேன். பின்னணியில் பக்கத்து வீட்டுத் தையல் மிஷின்களின் இரைச்சல். மாத்திரையைப் பற்றிக் கேட்டு முடித்த பிறகு அவளே கேட்டாள்.

“இன்னும் கேக்குதா நர்ஸம்மா?”

“கேக்குது.”

“அதேதானா?”

“அதுவும். இப்ப உன்னோடதும் கேக்குது.”

அழுகிறாளோ என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டேன். அழவில்லை.

“எது முன்னால கேக்குது?” என்றாள்.

“அவரோடதுதான் முன்னால. உன்னோடது அப்பறமா, எல்லாரும் இறங்கின பிறகு.”

“எல்லாரும் இறங்கின பிறகுதானே?”

“ஆமா.”

“அப்ப சரிங்க” என்றாள் தனபாக்கியம். “அப்ப யாரும் மேல இல்ல.”